எலிப்பொறிக்குள் ஓர் அப்பளம்

“நீ கையை எடுத்துருவ.”

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், பயிற்சிக் கழகத்து ரேடியோ அறையில் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட முதல் வாக்கியம் இதுதான். வாங்க இல்லை, பேரென்ன இல்லை. நேராகத் தீர்ப்பு.

சொன்னவர் அப்பளக்கா. உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் இருக்கின்றன. ராடார் வைத்திருக்கிறார்கள், பலூன் விடுகிறார்கள், செயற்கைக்கோளிடம் கேட்கிறார்கள். ஓர் அப்பளத்தைக் கேட்டுவிட்டு விமானத்தை அனுப்பிய ஒரே ஆள் பூலோகத்தில் எங்கள் அப்பளக்காதான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இன்னொருவரைக் கூட்டிவரட்டும், பார்க்கலாம்.

எங்கள் ஓடுதளம் எங்கே இருக்கிறது என்று எழுதினால் தலைமைப் பயிற்சியாளர் கோபிப்பார். பாடாலூரில் பஸ் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் வந்துவிடும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் பழைய விமானங்கள் மூன்று, காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப் பை, ஒரு ரேடியோ அறை. அந்த அறையில்தான் அப்பளக்கா காதில் ஹெட்போனும் கையில் டீயுமாக உட்கார்ந்திருப்பார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கேட்டவர்களுக்கு வருடத்துக்கு ஒரு வயது குறைத்துச் சொன்னதால் கணக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை.

பாடாலூரில் அவர் வீட்டில் அப்பளம் போட்டு நெடுஞ்சாலை ஓட்டல்களுக்குக் கொடுப்பது தொழில். உடைந்ததெல்லாம் ரேடியோ அறைக்கு வந்துவிடும். மேசைக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் அடுப்பு வைத்திருந்தார். புதிதாக யார் வந்தாலும் கையில் இடுக்கியையும் ஓர் அப்பளத்தையும் கொடுத்து, “சுடுங்க பாப்போம்” என்பார். எண்ணெயில்லாமல் அடுப்பில் அப்பளம் சுடுவது லேசான வேலை இல்லை. முதலில் சுருளும், புகையும், கருகுகிற வாசனை வரும். பயந்து எடுத்தால் பாதி பச்சை. எடுக்காமல் திருப்பித் திருப்பிக் காட்டினால் பொரிந்து வரும். நான் புகையைப் பார்த்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

“மொதல்ல மோசமாவும், அப்பறம் சரியாவும். நீ கையை எடுத்துருவ” என்றார் மறுபடியும், பச்சை அப்பளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆண்டிமடத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போன முதல் ஆள் நான். அதுவரை எங்கள் ஆட்கள் அதன் சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் போயிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து கிடையாது, கைரேகைதான். அம்மாவுக்கு ரேகையும் கிடையாது. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அந்தப் பால் பட்டு விரல் தோல் உரிந்து, ரேஷன் கடை மெஷின் அவரை ஆளாகவே ஒப்புக்கொள்ளாது. கை வெந்தாலும் எடுக்காத அம்மாவின் பெண்ணைப் பார்த்துக் கையை எடுத்துவிடுவாய் என்றால்?

“அப்பளம் சுடவா நான் வந்தேன்?” என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான் புள்ள” என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

எல்லாம் எப்படி ஒன்று என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சி விமானங்களில் பழைய மொபெட்டில் இருப்பது போலக் கார்புரேட்டர்தான். காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாக உள்ளே போகிறது. அங்கே பெட்ரோல் ஆவியாகிறபோது, மண்பானைத் தண்ணீர் சில்லிடுவது போலத் தொண்டை சில்லிடுகிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்த ஈரம் அங்கேயே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வெளியே நமக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இன்ஜினுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்து இறங்கும்போது இன்னும் சீக்கிரம் அடைக்கும். இதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் சூடான காற்று உள்ளே போய்ப் பனி கரையும். ஆனால் கரைந்த தண்ணீர் இன்ஜினுக்குள்தானே போகும்? அதனால் குமிழை இழுத்தவுடன் இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமும். “ஐயையோ, தப்பான குமிழை இழுத்துவிட்டோம்” என்று திரும்பத் தள்ளினவர்கள்தான் வயலில் இறங்கியவர்கள். கையை எடுக்காமல் இருந்தவர்கள் ஓடுதளத்தில் இறங்கினார்கள்.

“அரியலூர் வெயில்ல ஐஸா?” என்று வகுப்பில் நானும்தான் சிரித்தேன். சித்திரையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்கள் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அப்பளக்கா சிரிக்கவில்லை. அப்பளம் போடுகிற வீட்டுக்கு ஈரம்தான் எதிரி. காற்றில் ஈரம் ஏறினால் அப்பளம் காயாது. காய்ந்த அப்பளமும் நமுத்து வளையும். அதனால் ரேடியோ அறைச் சன்னலுக்கு வெளியே ஆணி அடித்து, தினமும் மாலையில் ஒரு பச்சை அப்பளத்தைத் தொங்கவிட்டுப் போவார். காலையில் வந்து ஒடித்துப் பார்ப்பார். ‘படக்’ என்றால் காய்ச்சல், அதாவது காற்று காய்ந்திருக்கிறது; வண்டி போகலாம். சத்தமில்லாமல் வளைந்தால் ஈரம், தொண்டை அடைக்கும். முதலில் ஆணியில் சும்மாதான் தொங்கியது. காக்காய்கள் வானிலை ஆய்வில் ஆர்வம் காட்டியதால், பிறகு ஓர் எலிப்பொறிக்குள் வைத்துத் தொங்கவிட்டார்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளரை நாங்கள் கேப்டன் என்போம். மீசையும் சட்டமும் முறுக்கியே இருக்கும். அவருக்கு இது அவமானம்.

“மேடம், ஈரப்பதம் அளக்கக் கருவி இருக்கு. நாப்பது சதவீதம்னு காட்டுது. அப்பளம் எதுக்கு?”

“அது போன ஆடியிலயும் நாப்பதுதான் சார் காட்டுச்சு. மழையில நனைஞ்சப்பவும் நாப்பது. பாவம், அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

கேப்டன் வீம்புக்கு ஒருநாள், அப்பளம் வளைந்த காலையில், தானே விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். மீசை மட்டும் கறுப்பாக இருந்தது. மீதி முகம் வெள்ளை. அதற்குப் பிறகு, எங்கள் பறப்புத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு வரேன்” என்று சன்னல் பக்கம் ஒரு நடை போவார். காற்றுப் பை இருப்பது எதிர்ப் பக்கம்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். சன்னலில் எலிப்பொறியைப் பார்த்துவிட்டார். கேப்டனுக்கு வியர்த்துவிட்டது.

“என்ன இது?”

“எலிப்பொறிங்க சார்” என்றார் அப்பளக்கா, ஹெட்போனைக் கூடக் கழற்றாமல்.

“உள்ள அப்பளம் இருக்கே?”

“கருவாடுதான் சார் வெச்சுப் பாத்தோம். இந்தப் பக்கத்து எலி சுத்த சைவம்.”

அதிகாரி தலையாட்டிவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: ஓடுதள வளாகத்தில் எலித்தொல்லையை ஒழிக்க உடனடி நடவடிக்கை எடுத்துப் பதில் தெரிவிக்கவும். கேப்டன் ஒரு பூனை வாங்கினார். பூனைக்கு எலி கிடைக்கவில்லை. உடைந்த அப்பளம் தின்று மூன்றே மாதத்தில் எங்கள் எரிபொருள் ட்ரம் அளவுக்கு ஆகிவிட்டது.

இத்தனைக்கும் அப்பளக்கா ஒரு நாள்கூட விமானத்தில் ஏறியதில்லை. “ஒரு ரவுண்டு வாங்கக்கா” என்று கூப்பிட்டால், “அப்பளம் போடுறவ எண்ணெயில குதிக்கணும்னு சட்டமா?” என்பார். “மொதல்ல மோசமாவும், அப்பறம் சரியாவும், கையை எடுக்காதே” என்பது அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. சக மாணவனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆனபோதும் இதையேதான் சொன்னார். கழகத்துத் தண்ணீர் மோட்டார் உறுமியபோதும் இதையே சொல்லி, சுவிட்சை அணைக்க விடாமல் நின்றார். மோட்டார் கடைசிவரை மோசமாகவே இருந்து, புகைந்து செத்தது. “அது வேற கேஸு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தனியாக ஊர்விட்டு ஊர் பறந்து திரும்பும் பயிற்சி எனக்கு வந்தது. ஓடுதளத்திலிருந்து அரியலூர், அங்கிருந்து ஆண்டிமடம், பிறகு திரும்புதல். ஆண்டிமடம் என்ற பெயரைத் தாளில் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “திங்கக்கெழம காலையில பத்து மணிக்கு ஒன் தலைக்கு மேல வருவேன்” என்றேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முந்திரி உடைக்கிற கொட்டகையில் அன்று பத்து மணிக்கு வேலை நிறுத்தம்.

அது ஐப்பசி. திங்கள்கிழமை அப்பளம் வளைந்தது. கேப்டன் காற்றைப் பார்த்துவிட்டு வந்து, “இன்னைக்கு வேணாம்மா” என்றார். புதன்கிழமையும் வளைந்தது. வெள்ளிக்கிழமை வளைந்ததோடு நில்லாமல், அக்காவின் விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொண்டது.

அன்று மாலை அம்மா போன் செய்தார்.

“பாப்பா, ஒனக்கு அங்க ஏதாச்சும் பிரச்சனையா?”

“ஒண்ணுமில்லம்மா. அப்பளம் நமுத்துப் போச்சு.”

அம்மா மெதுவாகச் சொன்னார்: “இங்க கேக்குறாங்கடி. ஒம் பொண்ணு பிளேனு ஓட்டுதா, பிளேனு கழுவுதான்னு கேக்குறாங்க. நான் மூணு நாளா அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறேன்.”

அந்த ஒரு வாக்கியம்தான். “நாளைக்குப் பத்து மணிக்குக் கண்டிப்பா வரேன்” என்று சொல்லிவிட்டேன். அண்ணாந்து நிற்கிற அம்மா என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எந்தப் பாடப் புத்தகமும் எச்சரிக்காத குற்றத்தை மறுநாள் காலையில் நான் செய்தேன். விடுதி அறையில் ஒரு கடை அப்பளக் கட்டு பிரிக்காமல் இருந்தது. அதிலிருந்து மொறுமொறு என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அக்கா வருவதற்கு முன்பே ரேடியோ அறைக்குப் போய், எலிப்பொறியில் இருந்த நமுத்த அப்பளத்தை எடுத்துவிட்டு அதை வைத்தேன். பூனை மட்டும் பார்த்தது. பழைய அப்பளத்தை அதற்கே லஞ்சமாகக் கொடுத்தேன்.

அக்கா வந்தார். ஒடித்தார். ‘படக்.’

“நேத்து முழுக்கத் தூறலு, இதுல காய்ச்சலா?” என்று வானத்தைப் பார்த்தார். அப்பளத்தைப் பார்த்தார். அப்பளம் சொன்னால் சொன்னதுதான். அது அவர் சட்டம். “சரி, போயிட்டு வா” என்றார். கேப்டன் காற்றைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

நான் பறந்தேன். நன்றாகவே பறந்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அரியலூர் வந்தது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது. ரயில் பாதையைத் தாண்டினேன். கீழே முந்திரிக்காடு தொடங்கியது. பத்து மணியாக இரண்டு நிமிடம். மூவாயிரம் அடியில் போனால் அம்மாவுக்கு நான் ஒரு கொசு. கொஞ்சம் இறங்கினால் பருந்து அளவுக்காவது தெரிவேன். அனுமதித்த உயரத்துக்குள்தான் இறங்கினேன். ஆனால் இன்ஜின் வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் குமிழை இழுக்க வேண்டும் என்பதை, கீழே எங்கள் தெருவைத் தேடிக்கொண்டே மறந்துவிட்டேன்.

தெரு தெரிந்தது. கொட்டகை தெரிந்தது. வெளியே புள்ளி புள்ளியாக ஆட்கள். நேராக்கி வேகத்தைக் கொடுத்தேன். இன்ஜின் தரவில்லை. சுற்றுகளைக் காட்டும் முள் இறங்கியது. விமானம் நடுங்கியது. ஒருமுறை இருமியது.

அந்த நேரம் பார்த்து என் காதுக்குள் ஒரு குரல்.

“ஏ புள்ள! இதுல சீரகம் இருக்கு!”

அங்கே நடந்தது இது: அப்பளக்கா ஒடித்த துண்டுகளை வழக்கம்போல அடுப்பில் சுட்டு டீயோடு வாயில் போட்டிருக்கிறார். அவர் வீட்டு அப்பளத்தில் சீரகம் கிடையாது. ஒரே கடியில் மொத்தக் குற்றமும் பிடிபட்டுவிட்டது.

“எங்க வூட்டு அப்பளம் இல்ல இது! ஈரம் கெடக்கு புள்ள, குமிழை இழு!”

“இழுத்துட்டேன்” என்றேன். அவர் குரல் வந்த நொடியே கை போயிருந்தது.

“மோசமாவுதா?”

“ஆவுது அக்கா.”

“நல்லது.”

அவ்வளவுதான். ரேடியோ அமைதியாகிவிட்டது.

அதுவரை இருமிய இன்ஜின் இப்போது வாந்தி எடுத்தது. முன்னால் இருந்த காற்றாடி தள்ளாடியது. கண்ணாடி நடுங்கியது. உயரம் போய்க்கொண்டே இருந்தது. கீழே முந்திரி மரங்கள். வலது பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு தரிசு. மூக்கைத் தாழ்த்தி அந்தத் தரிசுப் பக்கம் திருப்பினேன், இன்ஜின் நின்றே போனால் இறங்க. என் வலது கை குமிழ் மேல் இருந்தது. அந்தக் கையின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எனக்குச் சொன்னது: தள்ளு, திரும்பத் தள்ளிவிடு, நீ தொட்டதால்தான் மோசமானது.

தைரியத்தால் நான் கையை வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அது ரோஷம். “நீ கையை எடுத்துருவ” என்று சொன்ன ஆள் மறுமுனையில் டீயோடு உட்கார்ந்திருக்கிறார். செத்தாலும் எடுப்பதில்லை என்று பிடித்திருந்தேன்.

எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது எண்ணில் ஒரு பெரிய இருமல். பதினெட்டில் முள் கொஞ்சம் ஏறியது. இருபத்திரண்டில் இன்ஜின், ஒன்றுமே நடக்காதது போல, பழைய குரலில் பாடத் தொடங்கியது.

“சரியாயிடுச்சு அக்கா.”

“ம். வந்து சேரு. ஒனக்கு இருக்கு.”

இறங்கி வந்ததும் நேராகக் கேப்டன் முன்னால் போய் நின்று, அப்பளத்தை மாற்றியது நான்தான் என்றேன். இந்தப் படிப்பில் தப்பைச் செய்தவன் பிழைக்கலாம்; மறைத்தவன் அடுத்தவனைக் கொல்வான். கேப்டனுக்கு ஒரு தர்மசங்கடம். அப்பளத்தை மாற்றியதற்குத் தண்டனை கொடுத்தால், அப்பளத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மீசையை இரண்டு முறை தடவினார்.

“காத்தைப் பத்தித் தப்பான தகவல் குடுத்ததுக்கு ரெண்டு வாரம் பறக்கக் கூடாது” என்றார் கடைசியில். “தெனமும் காலையில ஆறு மணிக்கு வந்து அந்த… அந்த எலிப்பொறியை நீதான் பாத்து எழுதணும். புதுக் கருவிக்கும் எழுதிப் போடுறேன்.”

ரேடியோ அறைக்குப் போனேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்கா, ஊருக்கெல்லாம் நீங்க சொல்ற வார்த்தைய எனக்கு மட்டும் ஏன் அப்பச் சொல்லல? கையை எடுக்காதேன்னு?”

“சொன்னா நீ எங்கிட்ட சண்டைக்கு வருவ. ரெண்டு கையும் அதுக்கே போயிடும்.” பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். “இனிமே என் அப்பளத்தைத் தொட்ட, ஒன்னய பூனைக்குப் போட்டுருவேன்.”

அம்மா சாயங்காலம் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

“வந்தேல்ல! தெருவே பாத்துச்சு. நம்ம கொட்டாய்க்கு மேல வந்ததும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுனியே, எங்களுக்கு வணக்கம் வெச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பாப்பா, எனக்கென்னமோ அது இருமுன மாதிரி இருந்துச்சு. சளி கட்டியிருந்தா கஷாயம் வெச்சுக் குடுக்கச் சொல்லு.”

பள்ளிக்கூடம் போகாத என் அம்மா கீழே நின்றே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். “தொண்டையில கட்டிக்கிச்சும்மா, இப்ப சரியாயிடுச்சு” என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தண்டனையின் முதல் நாள், ரேடியோ அறைக் குறிப்பேட்டைத் திறந்தேன். அக்கா தினமும் அதில் தேதி எழுதி, பக்கத்தில் ‘ஒடிஞ்சுது’ அல்லது ‘வளைஞ்சுது’ என்று எழுதுவார். முந்தின நாளுக்கு நேரே அவர் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது.

அப்பளம்: மோசடி.
கை: எடுக்கல.

புதுக் கருவி வந்து சேர்ந்தது. அப்பளத்தோடு ஒத்துப்போகிறதா என்று அக்கா ஒரு வாரம் சரிபார்த்த பிறகுதான் அதை நம்பினார். நான் மீதிப் பறப்புகளை முடித்தேன், உரிமம் வாங்கினேன். அந்தச் செய்தியைச் சொன்னபோது, “மோட்டார் எரிஞ்சப்பவும் நான் நம்பிக்கையாத்தான் இருந்தேன்” என்றார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்துவிட்டேன். இனி நான் அடுத்தவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். இப்போது நான் இருப்பது கடலோரத்து ஓடுதளம், ஈரத்துக்குக் குறைவில்லை. இங்கே ஈரம் அளக்க நல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன, எல்லாம் சரியாகவே வேலை செய்கின்றன. தினமும் அவற்றைப் பார்த்துத்தான் பறக்கிறேன். ஆனாலும் வந்த அன்றே என் சன்னலுக்கு வெளியே ஓர் ஆணி அடித்துவிட்டேன். பாடாலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு கட்டு வந்திருக்கிறது, சீரகம் இல்லாதது.